வேலி ஓரம் மூன்று மூடி

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுவது. இங்கே மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டு, வேளைக்கு ஏதோ சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறோம், நீயும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு வருகிற முதல் நினைப்பு. இருமல் நின்றதா, போர்வை போதுமா என்றெல்லாம் கேட்கவேண்டும்தான், ஆனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை மெதுவாகப் படித்துக்கொள். இந்த மாதக் கடைசியில் வேலையை விடுவதாக முதலாளியிடம் எழுதிக் கொடுக்கப்போகிறேன் என்று போன வாரம் சொன்னாயே, கொடுக்காதே. கொடுத்துவிட்டிருந்தால் போய்க் கேட்டுத் திரும்ப வாங்கிவிடு. ஆய்வில் நாம் தேறவில்லை, சந்தையில் நமக்குக் கடை இல்லை. பேப்பர் வேலை கொஞ்சம் தாமதமாகிறது என்று அப்பா உன்னிடம் சொன்னது நிஜமில்லை. போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது, நீ கூப்பிட்டால் சத்தமாக வைத்து எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார், அதில் இதை எல்லாம் நான் எப்படிச் சொல்வது. தையல்காரர் மருமகன் லீவு முடிந்து செவ்வாய்க்கிழமை நீ இருக்கும் ஊருக்கே கிளம்புகிறார், அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். அவர் உறையைப் பிரித்துப் பார்க்கிற ஆள் இல்லை, பார்த்தாலும் ஒன்றும் புதிதாகத் தெரிந்துகொள்ளப் போவதில்லை, இந்தத் தெருவில் நம் கதை தெரியாதவர்கள் யார்.

வீட்டில் உன் அறைக்கு மேல் தகரம் ஒழுகுகிறது, உன் கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டிருக்கிறோம், அதன்மேல் சந்தைக்கு எடுத்துப்போகும் பிளாஸ்டிக் பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன, இனி அவற்றுக்கு வேலை இல்லை. என் முழங்கால் படி ஏறும்போதுதான் வலிக்கிறது, இறங்கும்போது இல்லை. அப்படியென்றால் இறங்கிக்கிட்டே இரு, சுகமா இருப்பே என்று உன் அப்பா முன்பெல்லாம் கேலி செய்வார். இப்போது கேலி கிடையாது, பேச்சே கிடையாது. உன் தங்கையிடம் அவர் பேசி இன்றோடு முப்பத்திரண்டு நாள். என்னிடம் பதினோரு நாள். சாப்பாடு வைத்தால் சாப்பிடுகிறார், தட்டைத் தானே கழுவி வைக்கிறார், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அவர் தட்டுக் கழுவி நீ பார்த்திருக்கிறாயா. இப்போது அவர் வேலைக்குப் போயிருக்கிறார், அதனால் உட்கார்ந்து எழுதுகிறோம்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும். நீ ஊருக்குப் போவதற்கு முன்னால் அந்த இயற்கை விவசாயத் திட்ட விண்ணப்பத்தை நீதானே பூர்த்தி செய்து அனுப்பினாய். மூன்று வருடம் நிலத்தில் மருந்தும் ரசாயன உரமும் படக்கூடாது, அதனால் குறைகிற விளைச்சலுக்கு ஈடாக வருடா வருடம் அரசாங்கம் மானியம் தரும், மூன்றாம் வருடம் முடிவில் ஆய்வாளர் வந்து பார்த்துச் சரி என்றால் பச்சை அட்டை, பச்சை அட்டை இருந்தால் உழவர் சந்தையில் நிரந்தரமாக ஒரு கடை. அதுவரை மஞ்சள் அட்டை, வாரத்துக்கு இரண்டு நாள் குழாயடி ஓரமாக ஒரு மேசை. நீ எங்களுக்கு அதை மூன்று முறை வாசித்துக் காட்டினாய், மூன்று வருசம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருங்க, கடை வந்துட்டா நானும் வந்துடுறேன், சேந்தே செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தோம். முதல் வருடம் பீன்ஸ் இலை எல்லாம் சல்லடையாகிப் போனது, தக்காளியில் பாதிக்கு மேல் புழு. பக்கத்து நிலத்துக்காரர், அதுதான் நீங்கள் எல்லாம் மோட்டார் என்று பேர் வைத்த மனிதர், வரப்பில் நின்றுகொண்டு, என்னண்ணே, பூச்சிக்கெல்லாம் விருந்து வெச்சிருக்கீங்க போல, எங்க காட்டுப் பூச்சிகூட இலை போடச்சொல்லி அங்கதான் வருது என்று சிரிப்பார். சிரிக்கட்டும், மூணு வருசம் கழிச்சு அவரு நம்ம கடைக்கு வந்து நிப்பாரு, அன்னிக்குத் தராசக் கொஞ்சம் தாராளமாப் புடி என்று அப்பா என்னிடம் சொல்வார். மருந்து அடிக்காவிட்டால் களையைக் கையால்தான் எடுக்கவேண்டும், ஒன்றரை ஏக்கருக்குக் கூலி ஆள் வைத்தால் மானியம் அதிலேயே போய்விடும். ஒரு பருவம் மட்டும் என்று சொல்லித்தான் இவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினோம். எட்டாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. ஒரு பருவம் போய் ஆறு பருவம் ஆகிவிட்டது. அரசாங்கத் தாளில் இவள் கூலி எங்கேயும் எழுதப்படவில்லை, நாமும் எழுதவில்லை. இந்த வரியை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது பதிவேட்டுக்கு வருகிறேன். திட்டத்தில் சேர்ந்த எல்லாரையும் முதல் மாதத்தில் அலுவலகக் கூடத்துக்குக் கூப்பிட்டு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள், உனக்கு எழுதியிருந்தோம். அங்கே ஆளுக்கொரு பெரிய நோட்டு கொடுத்து, நிலத்துல என்ன செஞ்சாலும் இதுல எழுதணும், நல்லதையும் எழுதுங்க, கெட்டதையும் எழுதுங்க, ஒண்ணும் செய்யலேன்னா ஒண்ணும் செய்யலேன்னு எழுதுங்க என்று பயிற்சியாளர் சொன்னார். அப்பாவுக்கு எழுத்து வராது, எனக்கு என் பேரைப் போட மட்டும் வரும், அதனால் நோட்டு இவள் கைக்குப் போனது. என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள் அந்தப் பயிற்சியாளர் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒரு நாள் விடாமல் எழுதினாள். நான்காவது பாத்தியில் களை எடுத்தோம், அம்மாவும் நானும், மழை கொஞ்சம் என்று எழுதுவாள். இன்று ஒன்றும் செய்யவில்லை, அப்பாவுக்குத் தலைவலி என்று எழுதுவாள். அப்பா அவளுக்கு ரிஜிஸ்டர் மேடம் என்று பேர் வைத்தார். மேடம், நான் ரெண்டு தடவை தும்முனேன், அதையும் போட்டுக்குங்க என்பார், இவள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பாள். சந்தையில் யாராவது விலை கேட்டால் தார்ப்பாய்க்குப் பின்னால் போய்விடுகிற பெண், அந்த நோட்டில் மட்டும் வாய் திறந்து பேசினாள் என்று எனக்குத் தோன்றும். உள்ளே என்ன இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டதே இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் ஒரு பியூன் வந்து கடைசிப் பக்கத்தில் முத்திரை வைத்துவிட்டுப் போவார், அவரும் படிக்கவில்லை.

கடைசி ஆய்வுக்கு ஆள் வரப்போகிறது என்று ஒரு வாரம் முன்னால் தகவல் வந்தது. நிலம் நன்றாக இருந்தது. நிஜமாகவே நன்றாக இருந்தது, கத்தரிச் செடி எல்லாம் இடுப்பு உயரம், மண்ணைக் கிளறினால் புழு நெளியும். அப்பாவுக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணை உறுத்தியது, ரோட்டிலிருந்து நிலத்துக்குள் வரும் வழியில் வேலி ஓரம் நெடுகப் புல்லும் களையும் மண்டிக் கிடந்தது. வீட்டுக்குப் பெரிய மனுசங்க வராங்கன்னா வாசலைப் பெருக்க மாட்டோமா, இத வெச்சுக்கிட்டு எந்த மூஞ்சியோட உள்ள கூட்டிட்டு வர்றது என்று புலம்பிக்கொண்டே இருந்தார். அரிவாளால் வெட்டினால் மூன்று நாள் ஆகும், என் முழங்கால் மடங்காது, இவளுக்குச் சந்தைக்குக் காய் பறிக்கிற வேலை. கொட்டகைக்குப் பின்னால் பழைய களைக்கொல்லி கேன் ஒன்று அரை வாசி மீதியோடு கிடந்தது. திட்டத்தில் சேர்ந்த அன்றே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கவேண்டும், காசு குடுத்து வாங்குனத யாராவது சும்மா குடுப்பாங்களா என்று அவர் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் அதை எடுத்து மூன்று மூடி அளந்து ஊற்றி, பாப்பா, தண்ணி கொண்டாடா என்றார். இவள் இரண்டு வாளி கொண்டுபோய்க் கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன் மகனே. இது ஆகுமா என்று கேட்டேன். செடிக்கா அடிக்கிறேன், வேலிக்குத்தான, வேலி என்ன நிலமா என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. சரியாகப் பட்டது என்பதைவிட, அந்த வழி சுத்தமாகிவிடும் என்று சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்றைக்கு நான் கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

புதன்கிழமை ஆய்வாளர் வந்தார். உன் வயது இருக்கும், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்ட பெண், சட்டைப் பை எல்லாம் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் உறை. நாற்காலி போட்டிருந்தோம், உட்காரவில்லை, நேரே பாத்திக்குள் இறங்கிவிட்டார். மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தார், கையில் வைத்து அப்பாவிடம் காட்டி, பாருங்க, மண்ணு உசிரோட இருக்கு, எத்தன இடத்துல இதப் பாக்க முடியுதுன்னு நினைக்கிறீங்க என்றார். அப்பா முகத்தை நீ அப்போது பார்த்திருக்கவேண்டும். உள்ளே களை இருந்ததற்கு மன்னிப்புக் கேட்பதுபோல ஏதோ சொன்னார். களை இருந்தா இருக்கட்டும், வேலி ஓரத்துலகூட புல்லு விட்டா நாங்க மார்க்குதான் போடுவோம், பூச்சி அங்கயே தங்கிக்கும், செடிக்கு வராது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வேலிப் பக்கம் திரும்பினார். ஐந்து நாள் ஆகியிருந்தது, வேலி ஓரம் முழுக்கப் பழுத்த மஞ்சளாக நின்றது. கோடு கிழித்த மாதிரி. இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மோட்டார் நிலத்துப் பச்சை, நடுவில் மட்டும் மஞ்சள். இது என்ன என்று கேட்டார். வெயிலும்மா என்றார் அப்பா. வெயில் நேர்கோட்டுலயா அடிக்குது என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பதிவேட்டை எடுங்க என்றார். எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தது இவள்தான். இரண்டு கையாலும் கொடுத்தாள், ஏனென்றால் அது அவள் நோட்டு, யாரோ ஒருவர் அதைப் படிக்கப்போவது அதுதான் முதல் தடவை.

அந்தப் பெண் நின்றபடியே வெகு நேரம் பக்கம் பக்கமாகத் திருப்பினார். இரண்டு இடத்தில் தனக்குள் சிரித்தார். இந்த மாதிரி எழுதுற ஆளு எங்க ஆபீஸ்லயே கிடையாது, எந்த வகுப்பு படிக்கிறே என்று கேட்டார், இவள் தரையைப் பார்த்தாள். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. அப்பா, என்னம்மா எழுதியிருக்கு என்று கேட்டார், கெட்டியான குரலில்தான் கேட்டார், அவருக்கு அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. ஆய்வாளர் மெதுவாக வாசித்தார். வெள்ளி. வேலி ஓரம் அப்பா களைக்கொல்லி அடித்தார், மூன்று மூடி. தண்ணீர் நான் கொண்டுவந்தேன். ஆய்வாளர் வருவதால். அவ்வளவுதான் இருந்தது, நான்கு வரி. நான் இதப் பாக்காத மாதிரி போகமுடியாதுங்க, எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பணும் என்று அந்தப் பெண் சொன்னபோது அழுதுவிடுவார் போல இருந்தது. வேலி ஓரத்து மண்ணை மூன்று உறையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பா நாற்காலியை மடக்கினார். மூணு மூடிக்கு மூணு வருசமா என்றார், யாரிடம் என்று தெரியவில்லை. பிறகு இவளைப் பார்த்து, ஊமைக்கோட்டான் மாதிரி இருந்துக்கிட்டு ஊருக்கே எழுதிக் காட்டிட்டயேடி என்றார். அதுதான் அவர் இவளிடம் கடைசியாகச் சொன்ன பேச்சு. பிறகு நான் தனியாகக் கேட்டபோது, எல்லாத்தையும் எழுதணும்னுதானம்மா சொன்னாங்க என்றாள். இவளுக்கு அது தப்பு என்று தெரியாது, தெரிந்து காட்டிக்கொடுக்கவும் இல்லை. மழை பெய்ததை எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாள்.

ஒரு வாரத்தில் தாள் வந்தது. மஞ்சள் அட்டை ரத்து, கடைசித் தவணை மானியம் கிடையாது, வேண்டுமானால் முதல் வருடத்திலிருந்து மறுபடியும் ஆரம்பிக்கலாம், மறுப்புச் சொல்வதானால் பதினைந்து நாளுக்குள் எழுதிக் கொடுக்கலாம். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அப்பா அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தார். மூன்றாம் நாள் அங்கே மேசையில் இருக்கிற குமாஸ்தா ஒருவர் வெளியே டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் வழி சொன்னாராம். பொண்ணு சின்னப் பொண்ணு, படிப்பு கிடையாது, விவரம் தெரியாம எதையோ எழுதிடுச்சுன்னு அது கையாலயே எழுதிக் குடுக்கச் சொல்லுங்க, நிலம் யாரு பேருல இருக்கோ அவங்களும் கையெழுத்துப் போடட்டும், மண்ணு ரிசல்ட்டுல லேசாத்தான் வரும், பக்கத்து நிலத்துலேர்ந்து காத்துல வந்ததுன்னு சொல்லிடலாம், நான் பாத்துக்குறேன் என்றாராம். நிலம் என் பேரில் இருப்பது உனக்குத் தெரியும். அப்பா அன்று மாலை வெள்ளைத் தாள் வாங்கிக்கொண்டு வந்தார். எனக்கும் ஆசைதான். பொய் சொல்ல மாட்டேன், ஒரு கையெழுத்துதானே, போட்டுவிட்டால் கடை வரும், நீ வருவாய் என்றுதான் நினைத்தேன்.

சாப்பாட்டு மேசையில் இவளை உட்கார வைத்தார். நேராகப் பேச மாட்டார் இல்லையா, என்னைப் பார்த்துச் சொல்கிறார், அவள எழுதச் சொல்லு என்கிறார். எனக்கு எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாது என்று எழுதச் சொன்னார். இவள் எழுதினாள். எட்டாவதுகூட முடிக்காதவள் என்று எழுதச் சொன்னார். அதையும் எழுதினாள், குண்டு குண்டாக, கோடு போட்ட மாதிரி, நோட்டில் எழுதுகிற அதே எழுத்தில். எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் அழகான எழுத்து எது என்று தெரியும். அந்த எழுத்தில் தனக்கு எழுத வராது என்று என் பெண் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்து, அப்பா வேலி ஓரம் எதுவும் அடிக்கவில்லை, நானாகக் கற்பனையாக எழுதிவிட்டேன் என்று எழுதச் சொன்னார். பேனா நின்றுவிட்டது. இவள் முடியாது என்று சொல்லவில்லை, தலையைக்கூட ஆட்டவில்லை, பேனாவை மூடாமல் தாள்மேல் பிடித்துக்கொண்டே இருந்தாள், அந்த இடத்தில் மை ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது. எழுதச் சொல்லுடி அவள, குடும்பமே அவ கையிலதான் இருக்கு, ஒரு வரி, ஒரே ஒரு வரி என்று அப்பா மேசையைத் தட்டினார். அப்புறம் கத்தவில்லை, கெஞ்சினார். நான் என்ன திருடுனேனா, யாரையாவது கொன்னேனா, வழியச் சுத்தம் பண்ணுனேன், அதுக்கு என் புள்ள வெளியூர்லயே கெடந்து சாகணுமா என்றார். அவர் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. இவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்ததே தவிரப் பேனா நகரவில்லை. நான் அந்தத் தாளை இழுத்து நான்காக மடித்து அடுப்பில் வைத்துவிட்டேன். நான் போடமாட்டேன் என்றேன். நாலு வருசம் பள்ளிக்கூடத்தப் புடுங்கிக்கிட்டோம், இருக்கிற ரெண்டு எழுத்தையும் பொய்யின்னு அவ கையாலயே எழுத வைக்கணுமா என்றேன். கோபத்தில் மூன்றை நான்கு என்று சொல்லிவிட்டேன் போல, அம்மா மூணுதான் என்று இப்போது இவள் திருத்துகிறாள். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிலிருந்துதான் என்னிடமும் பேச்சு இல்லை. கெடு அதற்கு மறுநாளே முடிந்துவிட்டது.

சந்தைக்குக் கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை போனோம், பறித்த காயை என்ன செய்வது. மேசையைத் திருப்பிக் கொடுக்கிற நாள். சந்தை மேற்பார்வையாளர், காலையிலும் மதியமும் விசில் ஊதுகிறவர், என் பக்கம் வரவே சங்கடப்பட்டுத் தூரமாக நின்றார். எப்போதும் நம்மிடம் வாங்குகிற ஒரு அம்மா, தக்காளியை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுப்பார், அவர் பைக்குள் இரண்டு கிலோ போட்டு ஆகிவிட்டது. பக்கத்து மேசைக்காரி அவர் காதில் ஏதோ சொன்னாள். அந்த அம்மா பையிலிருந்து தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து நம் மேசையில் திரும்ப வைத்தார், எப்படிப் பொறுக்கி எடுப்பாரோ அதே பொறுமையாக. பேரக்குழந்தைக்குக் குடுக்குறதும்மா, தப்பா நினைக்காதீங்க என்றார். அந்தத் தக்காளியில் ஒன்றும் இல்லை மகனே, வேலிக்கும் அதற்கும் நாற்பது அடி தூரம். சொல்லி என்ன பயன். பாதி விலைக்கும் போகவில்லை, மீதியை மாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டு வந்தோம்.

மறுபடியும் முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அப்பா மறுநாளே வெங்காயக் குத்தகைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து நிலத்தைக் காட்டினார். இரண்டு வருடக் குத்தகை. நிலம் என் பேரில் இருப்பதால் அதற்கும் என் கையெழுத்து வேண்டும், தாளைக் கொண்டுவந்து பேசாமல் என் முன்னால் வைத்தார். அதில் போட்டேன். ஒரு மாதத்தில் இரண்டு தரம் மாட்டேன் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. அவர்கள் நேற்றே வந்து உரமூட்டை இறக்கிவிட்டார்கள். மதியம் நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது அந்த வழியாகப் போனேன், இரண்டு ஆள் முதுகில் களைக்கொல்லி டாங்கி கட்டிக்கொண்டு பாத்திக்குப் பாத்தி அடித்துக்கொண்டு போனார்கள். மூன்று வருடம் நானும் இவளும் குனிந்து குனிந்து களை எடுத்த இடம், ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வேலி மேல் சட்டையைக் காயப்போட்டார்கள். மோட்டார்கூட சிரிக்கவில்லை. அக்கா, வீட்டுக்குப் போங்க, இத நின்னு பாக்காதீங்க என்றார். அப்பா குளிர்பதனக் கிடங்கில் மூட்டை இறக்குகிறார், மற்றவர்கள் விளைவித்தது. இந்த வயதில் முதுகு எத்தனை நாள் தாங்கும் என்று தெரியாது. இவள் காய் பொட்டலம் கட்டுகிற கம்பெனிக்குப் போகிறேன் என்கிறாள், அங்கே யாரோடும் பேச வேண்டியதில்லையாம், பெல்ட்டில் வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றால் போதுமாம். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டேன். வயசு தாண்டிடுச்சு, பரீட்சைய மட்டும் தனியா எழுதலாம், பீஸ் கட்டணும், வருசத்துக்கு ஒரு தடவைதான் என்று சொன்னார்கள். அதையாவது செய்யவேண்டும் என்று எனக்கு இருக்கிறது, இவள் பிடி கொடுக்கவில்லை. அந்த நோட்டு முடிந்து போயிற்று, இப்போது எதுவும் எழுதுவதில்லை. இந்தக் கடிதத்துக்குக்கூட இரண்டு நாள் கெஞ்சினேன்.

நான் செய்தது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. எனக்கே தெரியவில்லை. காலையில் இவள் தலை வாரிக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போது சரி என்று இருக்கிறது, மாலையில் அப்பா இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறும்போது, ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலைத்திருக்கலாமே என்று இருக்கிறது. நீ வந்தால் உட்கார வைக்க ஒரு நாற்காலி இருக்கிறது, உழைக்க நிலம் இல்லை, அதுதான் இன்றைய நிலைமை. அதனால் அங்கேயே இரு. முதலாளியிடம் மரியாதையாகப் பேசு, ஓவர்டைம் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ஈரத் தலையோடு வெளியே போகாதே. அப்பாவுக்கு வாரம் ஒரு தரம் போன் செய், சந்தை பற்றியும் அட்டை பற்றியும் கேட்காதே, தெரிந்ததாகவும் காட்டிக்கொள்ளாதே, அங்கே மழையா வெயிலா, என்ன சாப்பிட்டாய் என்று பேசு. உன் குரலைக் கேட்டால் அவர் அன்றைக்கு இன்னும் இரண்டு வாய் சாப்பிடுகிறார். அவர் கெட்ட மனிதர் இல்லை, வாசலைப் பெருக்கினார், அவ்வளவுதான். எங்கே இருந்தாலும் உன் கை கால் சுகமாக இருக்கவேண்டும், உன் உழைப்பு உன் கையில் தங்கவேண்டும், ஒரு நாள் நீ நினைத்த மாதிரி நம் மண்ணில் நின்று வேலை செய்யவேண்டும், என் ஆசி எப்போதும் உனக்கு உண்டு.

கடைசியாக ஒன்று. இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும், வராமல் இருக்காது, மூன்று வருடம் நீயும்தானே அங்கே ஒரு அறையில் ஏழு பேரோடு படுத்தாய். அம்மா கையெழுத்துப் போட்டிருக்கலாம் என்றோ, இவள் அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம் என்றோ உனக்குத் தோன்றினால் மனதிலேயே வைத்துக்கொள், பதிலில் எழுதாதே. உன் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டப்போகிறவள் இவள்தான். ஒரு வார்த்தையையும் விட்டுவிட்டு வாசிக்கமாட்டாள்.

இப்படிக்கு,
உன் அம்மா